புக்கிங்கைப் புக்கிங்காக மாற்ற முடியாதாம்: ஜாவா வலைச் செயலிகளில் ரீலோட், காஸ்ட் பிழைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஜாவா வேலைக்குச் சேர்கிறவர்கள் இப்போது பெரும்பாலும் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவாக் கட்டமைப்பில்தான் தொடங்குகிறார்கள். கொஞ்சக் காலத்தில் வங்கிக்கோ காப்புறுதிக்கோ எப்போதோ எழுதிய, டொம்கெட் என்ற ஜாவா வலைச் சேர்வரில் ஓடும் பழைய செயலி ஒன்றும் தலையில் வந்து விழும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரியான பிழை ஒன்று எட்டிப் பார்க்கும்: கோட் சரியாக இருக்கிறது, கம்பைலரும் வாய் திறக்கவில்லை, ஓடும்போது மட்டும் கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன், அதாவது ஒரு ஒப்ஜெக்டைக் கேட்ட கிளாஸாக மாற்ற (காஸ்ட் செய்ய) முடியவில்லை என்ற பிழை. இந்தப் பக்கம் அதற்காகத்தான்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைச் செயலியை வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையிலிருந்து இரவில் யாழ்ப்பாணம் போகும் பஸ்களுக்கு ஆசனம் பதியும் தளம். அதில் புக்கிங் என்று ஒரு கிளாஸ். கிளாஸ் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன்; திரையில் பார்த்தால் உடனே அடையாளம் தெரியும்.

"புக்கிங் கிளாஸைப் புக்கிங் கிளாஸாக மாற்ற முடியாது" என்று லொக்கில் வருகிறது. ஜாவாவுக்கு என்ன பைத்தியமா?

இல்லை, அது சொல்வது உண்மைதான். நாம் ஒரு கிளாஸை அதன் முழுப் பெயரை வைத்து அடையாளம் காண்கிறோம், பக்கேஜ் பெயரும் கிளாஸ் பெயரும் சேர்ந்தது. ஜேவிஎம், அதாவது ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம், அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கும்: அந்தக் கிளாஸை உள்ளே கொண்டுவந்த கிளாஸ் லோடர் எது என்பது. கொட்டாஞ்சேனையில் ஒரு சிவகுமார், தெஹிவளையில் ஒரு சிவகுமார். பெயர் ஒன்று, அடையாள அட்டை இலக்கம் வேறு. கிளாஸ்களைக் கட்டிவைத்த ஒரே ஜார் பைலை, ஒரு பைட்கூட மாறாமல், இரண்டு லோடர்கள் தனித்தனியாக வாசித்தாலும் ஜேவிஎம்முக்கு அவை இரண்டு வேறு கிளாஸ்கள். ஒன்றின் ஒப்ஜெக்டை மற்றதாக மாற்றக் கேட்டால் மறுத்துவிடும். இன்ஸ்டன்ஸ்ஒஃப் போட்டுப் பார்த்தால் பிழை வராது, சத்தமில்லாமல் இல்லை என்று பதில் வரும். என்னைக் கேட்டால் அதுதான் கூடுதல் ஆபத்து. பிழை விழுந்தால் யாராவது பார்ப்பார்கள். இங்கே கோடின் ஒரு கிளை ஓடாமலே போய்விடும், பயணியின் பதிவு எங்கே போனது என்று கிழமைக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

ஒரு சாதாரண ஜாவா நிரலில் இது அநேகமாக நடக்காது, ஏனென்றால் நம்முடைய கிளாஸ்கள் எல்லாவற்றையும் ஒரே லோடர்தான் ஏற்றுகிறது. வலைச் செயலிகளில் அப்படி இல்லை. ஒரே டொம்கெட்டில் பல செயலிகள் ஒன்றோடொன்று மோதாமல் ஓட வேண்டும், சேர்வரை நிறுத்தாமல் ஒரு செயலியை மட்டும் மாற்ற வேண்டும். இந்த இரண்டுக்காகவும் ஒவ்வொரு செயலிக்கும் சொந்தமாக ஒரு லோடர் கொடுக்கப்படுகிறது. நாம் பார்க்கும் பிழை அந்த வசதியின் மறுபக்கம்.

ஆகவே இந்தப் பிழையைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரண்டு புக்கிங்கையும் யார் யார் ஏற்றினார்கள்?

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜாவா 11 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் பாதி வேலை முடிந்தது. பிழைச் செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் நீளமாக ஒரு பகுதி வரும். அதை யாரும் வாசிப்பதில்லை. அதில்தான் இரண்டு கிளாஸும் எந்த மொடியூல், எந்த லோடர் என்று எழுதியிருக்கும். லோடர் பெயருக்குப் பின்னால் அட் குறியும் ஒரு பதினறும எண்ணும் இருக்கும். இரண்டு பக்கமும் பாரலல் வெப்அப் கிளாஸ் லோடர் என்றே இருந்து, எண் மட்டும் வேறாக இருந்தால் அது பழைய ரீலோடின் மிச்சம், அல்லது வேறொரு செயலியின் லோடர். ஒரு பக்கம் வெப்அப் லோடர், மறுபக்கம் யூஆர்எல் கிளாஸ் லோடர் என்றால் அதே ஜார் டொம்கெட்டின் பொது லிப் போல்டரிலும் கிடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஒரு பக்கம் ரீஸ்டார்ட் கிளாஸ் லோடர், மறுபக்கம் அப் என்று வந்தால் அது ஸ்பிரிங்கின் டெவ்டூல்ஸ், கோட் மாறும்போது செயலியைத் தானே ரீஸ்டார்ட் செய்யும் கருவி.

ஜாவா 8 இல் இந்த விவரம் எதுவும் வராது, இரண்டு பெயர்கள் மட்டும்தான். அங்கே காஸ்ட் செய்யும் வரிக்கு முன்னால் நீங்களே லொக் எழுத வேண்டும். ஒப்ஜெக்டின் கெட்கிளாஸை எடுத்து அதன் கெட்கிளாஸ்லோடரை அச்சிடுங்கள். பிறகு நேரடியாகப் புக்கிங் டொட் கிளாஸின் லோடரையும் அச்சிடுங்கள். அதோடு ஒவ்வொன்றுக்கும் புரொடெக்ஷன் டொமைன், அதற்குள் கோட் சோர்ஸ், அதற்குள் லொகேஷன் என்று போனால் எந்த ஜாரிலிருந்து அல்லது எந்தப் போல்டரிலிருந்து வந்தது என்ற முழுப் பாதையும் கிடைக்கும். ஜாவாவின் சொந்தக் கிளாஸ்களுக்கு கோட் சோர்ஸ் வெறுமையாக வரும், அதனால் வெறுமையா என்ற (நல்) சோதனை போட மறக்க வேண்டாம்.

கோடைத் தொட முடியாத இடத்தில் ஜேவிஎம்மை வெர்போஸ் கிளாஸ் சுவிட்சோடு தொடங்கலாம். ஜாவா 9 முதல் எக்ஸ்லொக் சுவிட்சில் கிளாஸ், லோட் என்று கொடுத்தாலும் அதே விவரம் வரும். லொக் மலைபோல் குவியும். புக்கிங் என்று தேடி எடுங்கள்.

டொம்கெட்டில் ரீலோட் என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

ஏற்கெனவே ஏற்றிய கிளாஸை யாரும் திருத்துவதில்லை. டொம்கெட் செயலியை நிறுத்துகிறது, அதன் லோடரைக் கைவிடுகிறது, புதிய லோடர் ஒன்றை உருவாக்குகிறது, எல்லாக் கிளாஸையும் முதலிலிருந்து வாசிக்கிறது. பழைய லோடரை யாரும் பிடித்துக்கொண்டு இல்லாவிட்டால் பயனற்ற நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் அதை அள்ளிக்கொண்டு போகும். யாராவது பிடித்திருந்தால்? கீழே மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள் தங்கும் நினைவகம்) கேள்வியில் சொல்கிறேன்.

கொன்டெக்ஸ்ட் அமைப்பில் ரீலோடபிள் என்பதை ட்ரூ ஆக்கினால் செயலியின் வெப்-இன்ஃப் கிளாஸஸ், வெப்-இன்ஃப் லிப் போல்டர்கள் இரண்டையும் டொம்கெட் தானே கவனித்துக்கொண்டிருக்கும். இயல்பிருப்பில் 10 செக்கனுக்கு ஒரு தடவை பின்னணியில் பார்க்கும். சேமித்த உடனே பிரவுசரைப் புதுப்பித்துவிட்டு "மாறவில்லையே" என்று சொல்கிறவர்கள் அந்த 10 செக்கனைக் கணக்கில் எடுப்பதில்லை. ரீலோடபிள் இயல்பாக ஃபோல்ஸ் ஆகத்தான் இருக்கும், புரொடக்ஷனில் அப்படியே இருக்கட்டும்.

ரீலோட் ஆனதும் செஷனில் வைத்த புக்கிங் எங்கே போகிறது?

செஷன் சேமிப்பு இயங்கும் அமைப்பில், செயலி ஒழுங்காக நிறுத்தப்படும்போது டொம்கெட் செஷன்களைச் சீரியலைஸ் செய்து (பைட்களாக மாற்றி) வொர்க் போல்டருக்குள் செஷன்ஸ் டொட் எஸ்ஈஆர் என்ற பைலில் எழுதும். திரும்ப ஏறும்போது புதிய லோடரைக் கொண்டு வாசிக்கும். அதனால் செஷனில் இருக்கும் புக்கிங் சீரியலைசபிள் ஆக இருந்தால் காஸ்ட் பிழை வராது. இல்லாவிட்டால் அது கைவிடப்பட்டு, லொக்கில் நொட் சீரியலைசபிள் என்று ஒரு புலம்பல் வரும். கிளாஸில் புதிய பீல்ட் சேர்த்து, சீரியல் வேர்ஷன் யூஐடி என்ற கிளாஸ் பதிப்பு எண்ணை எழுதாமல் விட்டிருந்தால் இன்வலிட் கிளாஸ் எக்ஸெப்ஷன் வரும். டெவலப்மென்ட்டில் அதைப் பற்றி அலட்ட வேண்டாம். அந்தப் பைலை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒழுங்காக நிறுத்தப்படும்போது என்று சொன்னேன். 2022 மின்வெட்டுக் காலத்தில் யூபிஎஸ் கைவிட்ட சேர்வர்களில் செஷன் எதுவும் மிஞ்சாமல் போனதற்குக் காரணம் இதுதான். மின்சாரம் போனால் எழுத யாரும் இல்லை.

செஷனை விட மோசமான ஒளிவிடங்கள் இருக்கின்றன. பொது லிப்பில் கிடக்கும் ஒரு லைப்ரரியின் ஸ்டாட்டிக் மேப், சேர்வரின் பெயர்ப் பட்டியலான ஜேஎன்டிஐயில் கட்டிவைத்த ஒப்ஜெக்ட், சேர்வர் மட்டத்தில் ஓடும் கேஷ். இவை செயலியோடு சேர்ந்து சாகாது. ரீலோடுக்கு முன் உள்ளே போன புக்கிங் அப்படியே இருக்கும், ரீலோடுக்குப் பின் வந்த கோட் அதை எடுத்துக் காஸ்ட் செய்யும், உடனே பிழை. முதல் தடவை ஓடும்போது எல்லாம் சரி, இரண்டாம் தடவை டிப்ளோய் செய்ததும் பிழை என்ற கதையைக் கேட்டால் முதலில் இங்கே தேடுங்கள்.

டெவ்டூல்ஸ் போட்ட பிறகுதான் இந்தப் பிழை வருகிறது. ஜாரைத் தனியாக ஓட்டினால் வருவதில்லை. ஏன்?

கேட்பவர்களில் பெரும்பகுதி இந்தக் கூட்டம், ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன்.

டெவ்டூல்ஸ் வேகமாக ரீஸ்டார்ட் செய்வதற்காக லோடரை இரண்டாகப் பிரிக்கிறது. மாறாத ஜார்கள், அதாவது வெளியிலிருந்து எடுத்த லைப்ரரிகள், அடிப்படை லோடரில். நீங்கள் ஐடிஇயில் (கோட் எழுதும் மென்பொருளில்) திருத்தும் கோட், ரீஸ்டார்ட் லோடரில். ஒவ்வொரு சேமிப்புக்கும் இரண்டாவதை மட்டும் வீசிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்யும். ஜாராகக் கட்டி ஜாவா மைனஸ் ஜார் என்று ஓட்டும்போது டெவ்டூல்ஸ் தானே ஒதுங்கிவிடும், அதனால்தான் அங்கே பிழை இல்லை.

சிக்கல் எங்கே என்றால், அடிப்படை லோடரின் கிளாஸ்பாத்தில் உங்கள் டார்கெட் கிளாஸஸ் போல்டரும் இருக்கிறது. யாராவது அந்த லோடரிடம் போய்ப் புக்கிங் வேண்டும் என்று கேட்டால் அதுவும் தன் பங்குக்கு ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிடும். யார் கேட்பார்கள்? சாதாரண ஒப்ஜெக்ட் இன்புட் ஸ்ட்ரீமை வைத்து டீசீரியலைஸ் செய்யும் எந்த லைப்ரரியும் கேட்கும். லைப்ரரி அடிப்படை லோடரில் இருக்கிறது, அதனால் கிளாஸையும் அங்கேயே தேடுகிறது. ரெடிஸ், ஹேசல்காஸ்ட், ஈஎச்கேஷ் போன்ற கேஷ்களில் புக்கிங்கைப் போட்டு எடுக்கும்போது பிழை வருவது இதனால்தான். ரீஸ்டார்ட் ஆகாமல், முதல் ஓட்டத்திலேயே வரும்.

தீர்வு இடத்தைப் பொறுத்தது. ரெடிஸுக்கு ஜேடிகே சீரியலைசரை நீங்களே உருவாக்கியிருந்தால், அதன் கன்ஸ்ட்ரக்டருக்குக் கிளாஸ் லோடர் ஒன்றைக் கொடுக்கலாம். செயலியின் கொன்டெக்ஸ்டிலிருந்து வரும் லோடரைக் கொடுங்கள். டீசீரியலைஸ் கோட் உங்களுடையது என்றால் ஸ்பிரிங்கின் கொன்பிகரபிள் ஒப்ஜெக்ட் இன்புட் ஸ்ட்ரீமை எடுத்து, திரெட்டின் கொன்டெக்ஸ்ட் லோடரோடு பயன்படுத்துங்கள். உங்கள் நிறுவனத்தின் பொது ஜார் ஒன்றில் புக்கிங் இருக்கிறது, அது தவறான பக்கத்தில் ஏறுகிறது என்றால், மெட்டா-இன்ஃப் போல்டரில் ஸ்பிரிங்-டெவ்டூல்ஸ் புரொப்பர்டீஸ் பைலை வைத்து, ரீஸ்டார்ட் டொட் இன்குளூட் என்று தொடங்கும் ஒரு வரியில் அந்த ஜாரின் பெயர் வடிவத்தைக் கொடுங்கள். அது ரீஸ்டார்ட் லோடருக்கு மாறிவிடும்.

பல மொடியூல் புரொஜெக்டில் இன்னொரு வில்லங்கம். ஒரு மொடியூல் ஐடிஇயில் திறந்திருக்கிறது, மற்றது லைப்ரரிகளை இறக்கும் கருவியான மேவனின் களஞ்சியத்திலிருந்து ஜாராக வருகிறது. முதலாவது ரீஸ்டார்ட் லோடரில், இரண்டாவது அடிப்படை லோடரில். பக்கத்து மேசைக்காரருக்கு எல்லாம் ஓடும், உங்களுக்கு ஓடாது, ஏனென்றால் அவர் இரண்டையும் திறந்து வைத்திருக்கிறார். எல்லா மொடியூலையும் இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது மேலே சொன்ன இன்குளூட் வரியைச் சேருங்கள்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் ஸ்பிரிங் டொட் டெவ்டூல்ஸ் டொட் ரீஸ்டார்ட் டொட் இனேபிள்ட் என்பதைச் செயலி தொடங்கும் முன்பே சிஸ்டம் புரொப்பர்ட்டியாக ஃபோல்ஸ் ஆக்கிவிடலாம்; அப்ளிகேஷன் புரொப்பர்டீஸ் பைலில் எழுதினால் ரீஸ்டார்ட் லோடர் அப்படியே இருக்கும். வெட்கப்பட எதுவும் இல்லை. நான்கைந்து செக்கனில் எழும்பும் செயலிக்கு இந்தச் சிக்கல் தேவையா என்று யோசிப்பது நியாயம்தான். குறைந்தது, பிழை டெவ்டூல்ஸால் வருகிறதா என்று உறுதிசெய்ய இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

டீபக் செய்யும்போது "ஹொட்ஸ்வாப் முடியவில்லை" என்று ஐடிஇ சொல்கிறது.

அது வேறு வழிமுறை. 2002 இல் வந்த ஜாவா 1.4 முதல், டீபக் நிலையில் ஓடும் ஜேவிஎம்மில் ஒரு மெதட்டின் உள்ளுடலை லோடர் மாறாமலே மாற்றலாம். வழக்கமான ஜேவிஎம்மான ஹொட்ஸ்பொட்டில் அதோடு எல்லை முடிகிறது: புதிய பீல்ட், புதிய மெதட், மெதட்டின் கையொப்பத்தில் மாற்றம், மேற்கிளாஸ் மாற்றம் எதுவும் நடக்காது. அதைத் தாண்ட வேண்டுமானால் காசு கொடுத்து ஜேரெபெல், அல்லது இலவசமாக ஹொட்ஸ்வாப் ஏஜென்ட். பின்னதுக்கு ஜெட்பிரெயின்ஸ் தரும் ஜேவிஎம் 17 கைகொடுக்கும். இவற்றில் லோடர் அப்படியே இருப்பதால் நாம் பேசும் காஸ்ட் பிழை பொதுவாக வராது.

கோடை மாற்றினேன், டிப்ளோய் செய்தேன், பழையதுதான் ஓடுகிறது. கேஷா?

பிரவுசர் கேஷைக் குற்றம் சொல்வதற்கு முன் கோட் சோர்ஸ் லொகேஷனை அச்சிடுங்கள். நீங்கள் மாற்றிய பைலும் சேர்வர் வாசிக்கும் பைலும் ஒன்றேதானா என்று முதலில் தெரியட்டும். எக்லிப்ஸ் உங்கள் புரொஜெக்டை நேரடியாக ஓட்டுவதில்லை. வேர்க்ஸ்பேஸின் மெட்டாடேட்டா போல்டருக்கு உள்ளே ஆழத்தில் டபிள்யூடிபிவெப்அப்ஸ் என்ற இடத்துக்குக் கொப்பி செய்து அங்கிருந்து ஓட்டும். அந்தக் கொப்பி சில வேளை பின்தங்கிவிடும். சேர்வர் பட்டியலில் வலது பொத்தானை அழுத்தினால் கிளீன் என்றும், டொம்கெட் வொர்க் டிரெக்டரியைக் கிளீன் செய் என்றும் இரண்டு தெரிவுகள் வரும். இரண்டையும் செய்யுங்கள், பின்னது கம்பைல் ஆன ஜேஎஸ்பிக்களை நீக்கும்.

அதிலும் சரிவராவிட்டால் வெப்-இன்ஃப் லிப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள். புக்கிங்-கோர் 1.2, புக்கிங்-கோர் 1.3 என்று இரண்டு ஜார்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கலாம். முன்பு யாரோ கையால் கொப்பி செய்தது, யாரும் அழிக்கவில்லை. இரண்டில் எது முதலில் வாசிக்கப்படும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, உங்கள் லெப்டொப்பில் ஒன்று, சேர்வரில் மற்றொன்று என்றும் நடக்கும். கிளாஸஸ் போல்டரில் இருப்பது மட்டும் லிப் ஜார்களை முந்தும்.

எல்லாச் செயலிக்கும் பொதுவான ஜார்களை டொம்கெட்டின் லிப் போல்டரில் போட்டால் இடம் மிச்சம்தானே?

இடம் மிச்சம், நிம்மதி செலவு. சேர்வரே நிர்வகிக்கும் டேட்டாபேஸ் பூலுக்கு ஜேடிபிசி டிரைவரை அங்கே வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். உங்கள் டொமைன் கிளாஸ்களை வைக்காதீர்கள்.

காரணம் டொம்கெட் தேடும் ஒழுங்கு. வழக்கமாக ஜாவாவில் ஒரு லோடர் முதலில் தன் பெற்றோர் லோடரைக் கேட்கும். டொம்கெட்டின் வெப்அப் லோடர் அப்படியல்ல: ஜாவாவின் அடிப்படைக் கிளாஸ்களையும் சேர்வ்லெட் (வலைக் கோரிக்கையைக் கையாளும் கிளாஸ்) போன்ற ஏபிஐக்களையும் தவிர மற்றவற்றை முதலில் தன் வெப்-இன்ஃபுக்குள்தான் தேடும். இப்போது புக்கிங் ஜார் பொது லிப்பிலும் இருக்கிறது, வெப்-இன்ஃபிலும் இருக்கிறது என்று வையுங்கள். பொது லிப்பில் உள்ள சேவை ஒன்று தன் புக்கிங்கைத் திருப்பித் தரும். உங்கள் சேர்வ்லெட் அதைத் தன் புக்கிங்காக மாற்றப் பார்க்கும். முடிந்தது கதை. உண்மையிலேயே பகிர வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் தொடும் இன்டர்பேஸ்களை மட்டும் பொது லிப்பில் வைத்து, வெப்-இன்ஃபிலிருந்து கட்டாயம் நீக்குங்கள். இரண்டு செயலிகள் ஒன்றோடொன்று கதைக்க வேண்டுமானால் ஜேசன் அனுப்புங்கள், ஒப்ஜெக்டைக் கையில் கொடுக்க வேண்டாம்.

சேர்வ்லெட் ஏபிஐ ஜாரை வெப்-இன்ஃப் லிப்பில் வைப்பது இன்னொரு பழைய வழக்கம். மேவனில் அதன் ஸ்கோப் புரொவைடட் ஆக இருக்க வேண்டும்.

லிங்கேஜ் எரர், லோடர் கன்ஸ்ட்ரெயின்ட் வயலேஷன் என்று வருகிறதே?

அதே நோய்தான், காஸ்ட் வரைக்கும் போகாமல் முன்னரே பிடிபட்டிருக்கிறது. ஒரு மெதட்டைக் கூப்பிடும் பக்கமும் அதை வைத்திருக்கும் பக்கமும் ஒரே பெயருக்கு வேறு வேறு கிளாஸை நினைக்கின்றன என்று ஜேவிஎம் கண்டிருக்கிறது. செய்தியில் இரண்டு லோடர்களின் பெயரும் இருக்கும். இரட்டை ஜாரைத் தேடி ஒன்றை நீக்குங்கள்.

அப்படியானால் எல்லாக் காஸ்ட் பிழைக்கும் லோடர்தான் காரணமா?

இல்லவே இல்லை. இரண்டு பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் லோடரைச் சந்தேகியுங்கள். பெயர்கள் வேறாக இருந்தால் வேறு காரணம், அநேகமாகக் கீழே உள்ளவற்றில் ஒன்று.

பெயரில் டொலர் குறியும் புரொக்சி என்ற சொல்லும் எண்ணும் இருந்தால், ஸ்பிரிங் உங்கள் சேவையைச் சுற்றி ஒரு உறை போட்டிருக்கிறது. ஜேடிகே புரொக்சி இன்டர்பேஸை மட்டுமே செயல்படுத்தும். அதைப் புக்கிங் சேர்விஸ் இம்பிள் என்ற கிளாஸாக மாற்ற முடியாது. இன்டர்பேஸ் வகையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் ஒழுங்கு. 2018 இல் வந்த ஸ்பிரிங் பூட் 2 முதல் இயல்பிருப்பு சிஜிலிப் புரொக்சி, அது கிளாஸையே விரிவாக்குவதால் இந்தப் பிழை குறைந்துவிட்டது. பழைய ஸ்பிரிங் புரொஜெக்ட்களில் இன்னும் காணலாம்.

டேட்டாபேஸோடு பேசும் ஹைபர்னேட் லைப்ரரியின் புரொக்சி கொஞ்சம் தந்திரமானது. புக்கிங்குக்குக் கீழே ஏசிபுக்கிங், சாதாரணபுக்கிங் என்று இரண்டு உபகிளாஸ்கள். லேசி முறையில் (தேவைப்படும்போது மட்டும்) எடுத்த ஒப்ஜெக்ட் புக்கிங்கின் புரொக்சியாக வரும்; டேட்டாபேஸில் அது ஏசிபுக்கிங்காகவே இருந்தாலும் அதற்கு மாற்ற முடியாது. ஹைபர்னேட்டின் அன்புரொக்சி மெதட்டைப் போட்டு உள்ளே இருப்பதை எடுத்த பிறகு மாற்றுங்கள்.

லிங்க்ட் ஹேஷ் மேப்பைப் புக்கிங்காக மாற்ற முடியாது என்றால் அது ஜேசனை ஒப்ஜெக்டாக்கும் ஜாக்சன் லைப்ரரி. ஓடும் நேரத்தில் ஜெனரிக் வகை அழிந்துவிடுவதால், லிஸ்ட் என்று மட்டும் சொன்னால் உள்ளே என்ன போடுவது என்று ஜாக்சனுக்குத் தெரியாது, மேப்பாகப் போட்டுவிடும். டைப் ரெபரன்ஸ் கொடுங்கள். பிழை லிஸ்டை வாங்கிய வரியில் விழாமல் எங்கோ தள்ளி, முதல் உறுப்பைத் தொடும் லூப்பில் விழும். அதுதான் ஆளைச் சுற்றவைக்கும்.

பிக்இன்டிஜரை லோங்காக மாற்ற முடியாது: நேட்டிவ் குவெரியில் கவுன்ட் எடுத்திருக்கிறீர்கள். ஹைபர்னேட் 5 இல் மைஎஸ்கியூஎல்லில் பிக்இன்டிஜர் வரும், 6 இல் லோங் வரும். நம்பர் வகைக்கு மாற்றி லோங்வேல்யூ கேளுங்கள், பதிப்பு மாறினாலும் தாங்கும்.

டொம்கெட் 10 க்கு மாற்றியதும் என் சேர்வ்லெட் "சேர்வ்லெட்டே இல்லை" என்கிறது.

டொம்கெட் 9 வரை பக்கேஜ் பெயர் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும். 10 முதல் ஜகார்த்தா. 2020 இல் வந்த ஜகார்த்தா ஈஈ 9 இல் பெயர் மாறியது, டொம்கெட் 10 அதைப் பின்பற்றுகிறது. உங்கள் சேர்வ்லெட் பழைய பெயருள்ள எச்டிடிபி சேர்வ்லெட்டை விரிவாக்குகிறது, டொம்கெட் அதைப் புதிய பெயருள்ள சேர்வ்லெட்டாக மாற்றப் பார்க்கிறது. கோடில் இம்போர்ட் வரிகளை மாற்றிக் கம்பைல் செய்வதுதான் நேர்வழி. சோர்ஸ் கைவசம் இல்லாத பழைய வார் பைல், அதாவது வலைச் செயலி முழுவதையும் கட்டிய பொதி, என்றால் (கொழும்பில் இது அபூர்வமே அல்ல) வெப்அப்ஸ்-ஜாவாஈஈ என்ற போல்டரில் போடுங்கள், டொம்கெட் தானே மாற்றி டிப்ளோய் செய்யும். ஸ்பிரிங் பூட் 3 உம் ஜகார்த்தா பக்கம்தான், குறைந்தது ஜாவா 17 வேண்டும். பூட் 2 செயலியின் வாரை டொம்கெட் 10 இல் வைத்துவிட்டுப் போராட வேண்டாம். 9 இல் வையுங்கள்.

பல தடவை ரீடிப்ளோய் செய்த பின் அவுட் ஒஃப் மெமரி, மெட்டாஸ்பேஸ் என்று சேர்வர் விழுகிறது.

கைவிட்ட பழைய லோடர்கள் போகவில்லை என்று அர்த்தம். ஒரு லோடரை ஒரேயொரு ஒப்ஜெக்ட் பிடித்திருந்தால் போதும், அது ஏற்றிய அத்தனை கிளாஸும் நினைவகத்தில் தங்கும். ஜாவா 8 க்கு முன் இதே பிழை பேர்ம்ஜென் என்ற பெயரில் வந்தது. 2014 இல் மெட்டாஸ்பேஸ் வந்தபோது இயல்பான மேலெல்லை நீங்கியது, கசிவு நீங்கவில்லை. முன்பு சீக்கிரம் விழுந்தது, இப்போது சேர்வரின் மற்ற நினைவகத்தையும் தின்றுவிட்டு விழுகிறது. எல்லையைக் கூட்டினால் விழும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பிடித்துவைப்பவர்கள் வழக்கமாக மூன்று பேர். ஒன்று, செயலி தொடங்கிவைத்து நிறுத்த மறந்த திரெட். டைமர், ஷெட்யூலர், எக்ஸிகியூட்டர் எல்லாம் இதில் அடங்கும். இரண்டு, டொம்கெட்டின் திரெட் பூலில் இருக்கும் திரெட்டில் போட்டுவிட்டு அகற்றாத திரெட்லோக்கல். திரெட் சேர்வருடையது, மதிப்பு உங்களுடையது. ஃபைனலி பகுதியில் ரிமூவ் கூப்பிடும் பழக்கம் இருந்தால் இது வராது. மூன்று, வெப்-இன்ஃப் லிப்பில் இருந்து டிரைவர் மேனேஜரில் பதிவான ஜேடிபிசி டிரைவர். மைஎஸ்கியூஎல் டிரைவர் கூடுதலாக அபாண்டன்ட் கனெக்ஷன் கிளீனப் என்று ஒரு திரெட்டையும் வைத்திருக்கும். சேர்வ்லெட் கொன்டெக்ஸ்ட் லிசினரின் டெஸ்ட்ரோய்ட் மெதட்டில் இவற்றை நிறுத்துங்கள், பதிவை நீக்குங்கள்.

டொம்கெட் செயலியை நிறுத்தும்போது இவற்றைத் தேடிப் பெயர் சொல்லியே லொக்கில் எச்சரிக்கும்: இந்தத் திரெட்டைத் தொடங்கி நிறுத்தவில்லை, இந்த டிரைவரைப் பதிந்து நீக்கவில்லை என்று. எத்தனையோ அணிகள் அந்த எச்சரிக்கையை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிக் கடந்துபோகின்றன. மேனேஜர் பக்கத்தில் ஃபைன்ட் லீக்ஸ் என்று ஒரு பொத்தானும் உண்டு. அது முழு கார்பேஜ் கலெக்ஷனைத் தூண்டும், ஆகவே மாத இறுதியில் வங்கிச் சேர்வரில் அழுத்திப் பார்க்க வேண்டாம். ஜாவா 11 இல் ஜேசிஎம்டி கருவிக்கு விஎம் கிளாஸ்லோடர் ஸ்டாட்ஸ் என்ற கட்டளை கொடுத்தால் லோடர்களின் பட்டியல் வரும். ஒரே செயலி, ஆனால் வெப்அப் லோடர் நான்கு என்றால் மூன்று பேய்கள். பேயை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க ஹீப் டம்ப் எடுத்து எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்து, அந்த லோடரிலிருந்து கார்பேஜ் ரூட் வரைக்குமான பாதையைக் கேளுங்கள்.

புரொடக்ஷனில் சேர்வரை நிறுத்தாமல் புதிய வாரைப் போடலாமா?

போடலாம், நான் போட மாட்டேன். மேலே சொன்ன கசிவுகள் இல்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய செயலியை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு சேர்வர், முன்னால் ஒரு லோட் பாலன்சர், ஒவ்வொன்றாக முழு ரீஸ்டார்ட். யாழ்ப்பாண பஸ் புறப்படும் நேரத்தில்கூடச் செய்யலாம். ஒரே சேர்வர்தான் என்றால் டொம்கெட் 7 முதல் உள்ள சமாந்தர டிப்ளோய் உதவும்: வார் பைலின் பெயரில் இரண்டு ஹேஷ் குறி போட்டுப் பதிப்பு எண்ணைச் சேர்த்தால், பழைய செஷன்கள் பழைய பதிப்பிலும் புதியவை புதியதிலும் ஓடும். இரண்டு பதிப்பும் ஒரே நேரத்தில் ஒரே டேட்டாபேஸைத் தொடும் என்பதை மறக்க வேண்டாம்.

வெப்லொஜிக், வைல்ட்ஃப்ளை இவற்றுக்கும் இது பொருந்துமா?

அடிப்படை ஒன்றே, தேடும் ஒழுங்கு வேறு. வெப்லொஜிக் இயல்பாகப் பெற்றோரை முதலில் கேட்கும். மாற்ற வேண்டுமானால் அதன் அமைப்புப் பைலில் ப்ரிஃபர் வெப்-இன்ஃப் கிளாஸஸ் என்று ஒன்று இருக்கிறது. வைல்ட்ஃப்ளையில் எல்லாம் மொடியூல், விலக்குவதும் சேர்ப்பதும் ஜேபொஸ் டிப்ளோய்மென்ட் ஸ்ட்ரக்சர் பைலில்.

டிப்ளோய் செய்த நேரமும் லொக்கில் உள்ள நேரமும் ஒத்துவரவில்லை. எது பழைய லோடரின் வரி என்று எப்படிப் பிரிப்பது?

வெளிநாட்டு கிளவுட் சேர்வர் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். இரவு 8.30 க்குப் போட்ட வாரின் வரிகளை லொக்கில் 15.00 மணியில் தேடுங்கள். லோடரின் பதினறும எண்ணைச் செயலி தொடங்கும்போதே ஒரு தடவை லொக்கில் எழுதிவிட்டால் நேரத்தைப் பார்க்காமலே பிரிக்கலாம். மிகப் பழைய ஜாவா ஓடும் உள்ளூர் சேர்வரில் வித்தியாசம் சரியாக அரை மணி நேரம் என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்: இலங்கை 2006 ஏப்ரலில்தான் யூடிசி கூட்டல் 6 இலிருந்து 5.30 க்குத் திரும்பியது, அந்த ஜாவாவின் நேர வலயத் தரவு அதற்கு முந்தியது.